கம்பியில் கோத்த பித்தளைத் துண்டுகள்

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி சொல்லப்போவது எல்லாம் அதனால் வந்த வினைதான்.

பொம்மனஹள்ளியில் ஒரு சந்துக்குள், கார்மென்ட்ஸ் கம்பெனியின் பின்சுவரை ஒட்டி எங்கள் ஷெட் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரும்பு ஷட்டர், உள்ளே ஒரே ஒரு பெரிய லேத். இரும்பைச் சுழலவிட்டு டூலால் சீவுகிற கடைசல் மெஷின். கோலார் தங்கவயலில் ஒரே லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள் நாலு பேர். சுரங்கம் மூடின பிறகு ஒவ்வொருவராகப் பெங்களூருக்கு வந்து சேர்ந்தோம். மூடப்போகிற ஒரு ஃபேக்டரியின் ஏலத்தில் நாலு பேரும் கையில் இருந்ததைப் போட்டு எடுத்த மெஷின் அது. லாரியிலிருந்து அதை இறக்கிய அன்று நாலு பேரும் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டோம்.

ஒரு மெஷினை நாலு பேர் பங்கு போட முடியாது, நாட்களைத்தான் பங்கு போடலாம். திங்களும் வியாழனும் என் மச்சான், அதாவது என் தங்கையின் கணவர். புதனும் சனியும் பாட்டுக்காரர். காக்ஸ் டவுனில் சர்ச் கொயரில் பாடுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். செவ்வாயும் வெள்ளியும் எங்களில் நாலாவது ஆள், எங்கள் எல்லாரையும்விடக் கை சுத்தமான கடைசல்காரன். எனக்கு வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் மெயின்டனன்ஸ் வேலை, மாதச் சம்பளம். அதனால் நான் மெஷினில் வேலை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்து எண்ணெய் போடுவதும், பழுது வராமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை நான் எப்படிப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு பின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேத்தில் டூலைத் தாங்கிக்கொண்டு ஒரு வண்டி நகரும். கேரேஜ் என்போம். அதை நகர்த்துவது நீளமான ஒரு ராடு. அந்த ராடையும் கியர்பாக்ஸையும் இணைப்பது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பித்தளைப் பின். யாராவது அளவுக்கு மீறி ஆழமாகச் சீவினாலோ, கவனிக்காமல் கேரேஜை, இரும்பைப் பிடித்துச் சுழலுகிற சக்கில் கொண்டுபோய் இடித்தாலோ, அந்தப் பின் டப்பென்று உடையும். கேரேஜ் நிற்கும். கியர்கள் தப்பிக்கும். வீட்டு ஃபியூஸ் மாதிரிதான். உடைவதற்காகவே செய்து வைத்த பொருள்.

எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு பின் உடையும்போதும் என் வயிறு எரியும். ஒரு பின் உடைந்தால் யாரோ மெஷினை வதைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்களுக்கு இன்னொரு மெஷின் கிடையாது. அதனால் பின்களை எல்லாம் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு என்னோடு வைட்ஃபீல்டுக்கு எடுத்துப் போவேன். ஷெட்டில் வைத்தால் கைக்குக் கிடைக்கிறதே என்று உடைப்பார்கள் என்பது என் கணக்கு. பின் உடைந்தால் அன்றைக்கு வேலை நின்றது. நான் சாயங்காலம் ரெண்டு பஸ் மாறி வந்து, உடைத்தவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, புதுப் பின் போட்டுக் கொடுப்பேன். உடையாத நாளிலும் வீட்டுக்குப் போகிற வழியில் ஷெட்டுக்குள் நுழைந்து, டார்ச் அடித்து, பித்தளை பளபளக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

அதோடு விட்டேனா? சுவரில் எங்கள் சட்டைகளை மாட்ட வரிசையாக ஆணி உண்டு. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கட்டுக்கம்பியைத் தொங்கவிட்டேன். யார் பின்னை உடைத்தாலும் அந்த உடைந்த துண்டு அவர் கம்பியில் ஏறும். யார் கம்பி நீளமோ அவர் மாதக் கடைசியில் மெஷினுக்கு அடியில் இருக்கும் தட்டைக் கழுவ வேண்டும். சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட்டும் இரும்புத் தூளும் ஊறி நாறுகிற தட்டு அது. முதலில் இது விளையாட்டாகத்தான் இருந்தது. தட்டைக் கழுவுகிறவரை மற்றவர்கள் ஓட்டுவார்கள், கழுவுகிறவரும் திருப்பிக் கொடுப்பார், எல்லாரும் டீ குடித்துவிட்டுப் போவோம். விளையாட்டு எப்போது வினையானது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் விளையாட்டை நிறுத்திவிட்டு நிஜமாகத் திட்ட ஆரம்பித்த நாளாக இருக்கும்.

எங்கள் நாலாவது ஆள் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் மனைவிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எட்டு வருஷம் அவனோடு ஷெட்டுக்கு வந்து அளவு பார்த்தவர், பிசிறு எடுத்தவர், மதியத்துக்கு மேல் அவனுக்குப் பதில் மெஷினையே ஓட்டியவர். காரியம் முடிந்து இருபது நாளில் அவர் ஷெட்டுக்கு வந்து நின்றார்.

"அண்ணா, செவ்வாயும் வெள்ளியும் நான் பாத்துக்கறேன். ரோலர் பார்ட்டி கிட்ட பேசிட்டேன். அவங்க சரின்னுட்டாங்க."

பேக்கிங் கம்பெனி ஒன்றுக்கு அவன் செய்து கொடுத்துவந்த சின்னச் சின்ன ரோலர்கள். அந்த ஒரு வேலையை நம்பித்தான் அந்த வீடு. மறுப்பதற்கு என்ன இருக்கிறது? அவன் பங்கு அவர் பங்கு. மூன்று பேருமே சரி என்றோம். முதல் சில மாதம் ஒரு குறையும் இல்லை. ரோலர்கள் கண்ணாடி மாதிரி வந்தன. எனக்கே பெருமையாக இருந்தது.

அப்புறம்தான் பின்கள் உடைய ஆரம்பித்தன. செவ்வாயில் ஒன்று, வெள்ளியில் ஒன்று. மச்சானுக்கு உடையவில்லை, பாட்டுக்காரருக்கு உடையவில்லை. அந்த அம்மாவுக்கு மட்டும்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மதியமே போன் வந்தது. சாயங்காலம் நான் போய்ச் சேரும்போது அவர் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாதி சீவிய ரோலர்.

"கனமா எதுவும் எடுக்கலண்ணா. கடைசி ஃபினிஷிங்தான் ஓட்னேன். பாதி தூரம் போறதுக்குள்ள டப்புனு போயிடுச்சு."

"மெஷினுக்கு உன் மேல இன்னா பகையா? அவங்க ரெண்டு பேர் ஓட்றப்ப உடையாதது உன் கைக்கு மட்டும் எப்படிம்மா உடையுது?"

அவர் உடைந்த துண்டை என் கையில் கொடுத்தார். நான் அதை அவர் கண் முன்னாலேயே அவர் கம்பியில் கோத்தேன். அது அவர் கணவனின் ஆணி. இறந்தவன் சட்டை மாட்டின ஆணியில் அதைத் தொங்கவிடும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. இப்போது நினைத்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அவர் கம்பி நீண்டுகொண்டே போனது. மற்ற ரெண்டு கம்பிகளில் பழைய துண்டுகள் கறுத்துப்போய்க் கிடந்தன, புதிதாக ஒன்றும் ஏறவில்லை. வருகிற பார்ட்டிகள் இது என்ன என்று கேட்பார்கள். நானே விளக்கம் சொல்வேன். ஆயுத பூஜைக்கு ஷெட்டைக் கழுவி, மெஷினுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தபோது மச்சான் அந்த அம்மாவின் கம்பியைக் காட்டிச் சொன்னார், "இந்த வருஷம் மாலை வாங்க வேணாம் மச்சான். தங்கச்சி கம்பியையே மெஷினுக்குப் போட்ரலாம்." எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு கை கழுவப் போகிறவர் மாதிரி வெளியே போனவர் பூஜை முடிந்துதான் உள்ளே வந்தார்.

அதற்கு அடுத்த வாரம் அவர் ஒன்று கேட்டார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"ஒரே ஒரு நாள் லீவு போட்டுட்டு வாங்கண்ணா. நான் ஓட்றப்ப பக்கத்துல நின்னு பாருங்க. என் கை தப்புன்னா நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"உனக்கு லேத் சொல்லிக் குடுக்கறதுக்கெல்லாம் எனக்கு ஆபீஸ்ல லீவு தர மாட்டாங்க," என்றேன். பொய். கேட்டால் தந்திருப்பார்கள். அந்த வருஷம் எனக்கு லீவு நிறையவே மீதி இருந்தது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அடுத்த ஞாயிறு எண்ணெய் போடும்போது அந்த நீள ராடைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஒரு இடத்தில் லேசாகப் பிடித்தது. திரும்பவும் சுற்றினேன், அதே இடத்தில் பிடித்தது. ராடு வளைந்திருக்கிறது. வளைந்த ராடு ஒவ்வொரு சுற்றிலும் திணறும், அந்தத் திணறலில் நல்ல பித்தளைப் பின்கூடத் தானாக உடையும். முப்பது வருஷம் மெஷின் பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் என் புத்தி போன திசை வேறு. இத்தனை பின் உடைத்தவர் ராடையும் வளைத்துவிட்டார் என்று நினைத்தேன். வளைந்ததால் உடைகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் உடைத்ததால் வளைந்தது என்று முடிவு கட்டினேன். அன்றைக்கே மச்சானையும் பாட்டுக்காரரையும் கூப்பிட்டேன். அந்த அம்மாவையும் வரச் சொன்னேன்.

ஷெட்டில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம், அவர் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ராடைச் சுற்றிக் காட்டினேன். இப்படியே போனால் மெஷின் தாங்காது, கொஞ்ச நாளைக்கு உன் முறையை இவர்கள் ரெண்டு பேரும் பார்க்கட்டும் என்றேன். ரோலர் வேலையும் நிற்கக் கூடாது, அதை மச்சான் செய்து கொடுக்கட்டும் என்றேன்.

"கொஞ்ச நாள்னா எவ்ளோ நாளுண்ணா?"

"பாக்கலாம்மா. முதல்ல மெஷின் பொழைக்கட்டும்."

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார். பிறகு அந்த அம்மா பாட்டுக்காரரைப் பார்த்தார். பாட்டுக்காரர் கழுத்து ஜபமாலையைத் திருகிக்கொண்டிருந்தார். பாவம், ஒரு பெண்ணின் முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவர்கள் சங்கடப்படுவதாக நான் நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா ஷெட் சாவியை மெஷின் மேல் வைத்தார். அளவு பார்க்கும் கருவிகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனார். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், விஷயம் வெளியே வந்திருக்குமோ என்னவோ. அவர் சத்தம் போடவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு மேல், மச்சான் போன் செய்தார். "சீக்கிரம் வா மச்சான். எல்லாம் போச்சு." வைட்ஃபீல்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். கேரேஜ் சக்கின் மேல் ஏறி நின்றிருந்தது. கியர்பாக்ஸின் வார்ப்பு இரும்பு மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. பிளவு வழியாக எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது, எண்ணெயில் கியர் பற்கள் கிடந்தன. குனிந்து பொறுக்கினேன். சாவு வீட்டில் எலும்பு பொறுக்குகிற மாதிரி இருந்தது.

பின் எப்படி உடையாமல் போனது? அதுதான் எனக்கு விளங்கவில்லை. டார்ச் அடித்தேன். பித்தளை இல்லை. கறுப்பாக ஏதோ இருந்தது. இடுக்கியால் பிடுங்கினேன். உடைந்த டிரில் பிட்டின் தண்டு, அளவாக அறுத்து, சாணை பிடித்து, பின் ஓட்டைக்குப் பொருந்துகிற மாதிரி செய்திருந்தது. கெட்டி உருக்கு. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"இது இன்னா மச்சான்?"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "பின் உடைஞ்சா நீ வர்ற வரைக்கும் வேலை நிக்குது. பார்ட்டி வாசல்ல நிக்கிறான். வந்தா நீ வேற கண்டபடி பேசுவ. கம்பில வேற மாட்டுவ. இத்தப் போட்டா அந்த ரோதனையே இல்ல. காத்தால போடுவேன், சாயங்காலம் எடுத்துட்டுப் பித்தளையை வெச்சிடுவேன்."

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

ஒரு வருஷமாக நான் தினமும் சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தது, அவர் எனக்காகத் திரும்ப வைத்துவிட்டுப் போன பித்தளையை. பாட்டுக்காரருக்குப் போன் போட்டேன். வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அந்த உருக்குத் துண்டைக் காட்டினேன். அவர் தன் டூல் பெட்டியைத் திறந்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். மச்சானுடையதைவிட நேர்த்தியாக இருந்தது. முனையெல்லாம் உருட்டி, மெருகு போட்டு. நல்ல கடைசல்காரர்தான். வேலை கெட்டியாக இருக்க வேண்டும் என்றே பழகின கைகள் எங்களுடையவை. உடைகிற பொருளை உடைய விடுவது எங்களுக்கு அவமானம். அந்த அவமானத்தைக் கம்பியில் கோத்துச் சுவரில் மாட்டியவன் நான்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திங்களும் வியாழனும் உருக்கு. புதனும் சனியும் உருக்கு. கேரேஜை எங்கே கொண்டுபோய் இடித்தாலும் அவர்கள் பின் உடையவில்லை. உடையாததால் ராடு வளைந்தது. வளைந்த ராடோடு மெஷினைத் தன் முறைக்கு எடுத்து, நான் சொன்னபடி பித்தளையைப் போட்டு ஓட்டியவர் ஒரே ஒரு ஆள். அதனால்தான் பின் அவர் கையில் மட்டும் உடைந்தது. நாலு பேரில் அந்த மெஷினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவர் மட்டும்தான். அவரைத்தான் துரத்தியிருந்தேன்.

"நான் அந்த அம்மாவைத் திட்றப்ப ரெண்டு பேரும் இங்கதான இருந்தீங்க?"

பாட்டுக்காரர் அழுதார். "சொன்னா எங்களயும் அப்படித்தானப்பா பேசுவ," என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகக் கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் இருந்தால் எழுந்து நடக்கவாவது தெம்பு வரும்.

நாலு நாள் லீவு போட்டேன். கேட்டவுடன் கொடுத்தார்கள். பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். அந்த மாடலுக்கு கியர்பாக்ஸ் இல்லை. அந்த மாடலே இப்போது இல்லை. வார்ப்பு இரும்பை வெல்டிங் பிடித்தால் நிற்காது என்றார்கள், பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. ஒரு கடைக்காரர் கன்னடத்தில் மரியாதையாகவே சொன்னார், இதை எடைக்குப் போட்டுவிடுங்கள் சார் என்று. மெஷின் மேல் தார்ப்பாய் போட்டு மூடினோம். மச்சான் ஹோசூர் ரோடில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். பாட்டுக்காரர் ஷெட் பக்கமே வருவதில்லை.

அந்த அம்மாவிடம் போக எனக்குப் பத்து நாள் ஆனது. வீட்டுக்குப் போகத் தைரியம் இல்லை. அதே பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் நூல் வெட்டுகிற வேலைக்குப் போகிறார் என்று தெரிந்தது. அளவு பார்த்தால் தலைமுடி அகலம்கூடத் தப்பாத கை. சாயங்காலம் கேட்டுக்கு எதிரே நின்றேன். சங்கு ஊதியதும் பெண்கள் வெள்ளமாக வெளியே வந்தார்கள். கூட்டத்தில் நான் அவரைக் கண்டுபிடிக்கவில்லை, அவர்தான் என்னைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். சேலையெல்லாம் பஞ்சு.

"இன்னாண்ணா, இங்க?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். உருக்குப் பின்னைச் சொன்னேன், வளைந்த ராடைச் சொன்னேன், எனக்கு அது கையில் தட்டுப்பட்டதையும் மறைக்காமல் சொன்னேன். உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா, பாவி நான்தான், மன்னிச்சிடும்மா என்றேன். நடுரோட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது. போகிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அழவில்லை. சேலையில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"மெஷின் ஓடுதாண்ணா?"

"இல்லம்மா. இனிமே ஓடாது."

விரலில் சுற்றிய நூலை உருவிக் கீழே போட்டார். பிறகு கோபமே இல்லாத குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர் மாதிரி கேட்டார்.

"ஓடிட்டு இருந்தா வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டேன். மெஷின் ஓடியிருந்தால் இன்றைக்கும் அவர்தான் உடைத்தவர், நான்தான் காப்பாற்றியவன். அவர் பதிலுக்காக நிற்கவில்லை. பஸ் வந்தது, கூட்டத்தோடு ஏறிவிட்டார்.